முதல் வகுப்பு ஓடை

1

ஓடை எந்த வகுப்பில் இருந்தாலும் சரி, முதியோர், சிறுவர், உடற்குறை உள்ளோர் மீன்பிடிக்க வந்துபோகும் இடம் என்றால், அந்த இடத்தில் மட்டும் அரசு தன் பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து விடலாம். நான் குடியேறியிருக்கும் அமெரிக்க மாநிலத்தின் மீன்வளத் துறை விதி இது. 'விடலாம்' என்று இருக்கிறது, 'விட வேண்டும்' என்று இல்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் எனக்கு நன்றாகத் தெரியும். பழைய சேலம் மாவட்டத்தில் எழுத்தராகச் சேர்ந்து, நாமக்கல் தனி மாவட்டமான பிறகு வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். 'லாம்' என்று முடியும் விதிகளை நம்பி வந்தவர்கள் எத்தனை முறை நடந்தார்கள் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இந்த விதியின்கீழ் ஒரு மனு போட்டேன். மனுதாரர் என் மனைவி பாவாயி. எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணை வீட்டுப் பெண் அமெரிக்க அரசாங்கத்திடம் மீன் கேட்டு மனு போட்டாள் என்றால் ஊரில் சிரிப்பார்கள். அதனால் முறைப்படி, முதலிலிருந்து எழுதுகிறேன்.

2

மகள் கவிதாவின் வீடு ஊரின் ஓரத்தில், ஒரு சரிவில் இருக்கிறது. பின்பக்கம் புல்தரை, அதற்குக் கீழே ஓடை. பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டினால் தாண்டிவிடலாம். ஆனால் கோடையிலும் காலை வைத்தால் மரத்துப்போகும். மலைக்குள்ளிருந்து ஊற்றாகக் கிளம்பி வரும் தண்ணீர், அடியில் கூழாங்கல். இந்தத் தண்ணீரில் டிரவுட் என்ற மீன் வாழ்கிறது. வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து நம் ஊட்டியில் விட்டார்களே, அதே மீன். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அழுக்கு கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் செத்துப்போகும்.

நம் ஊர் நில ஆவணத்தில் ஓடை என்றால் ஓடைப் புறம்போக்கு, அவ்வளவுதான். அதில் தண்ணீர் போகிறதா, சாயக்கழிவு போகிறதா, கோழி இறகு போகிறதா என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. ஓடைக்கு வகைப்பாடு மாற்றம் என்று ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தால், அதன் பொருள் ஒன்றுதான்: யாரோ ஓடையின் மேல் ஏற்கெனவே கட்டிடம் எழுப்பிவிட்டு, இப்போது அதை ஓடை இல்லை என்று எழுதித்தரச் சொல்கிறார். ஓடை ஓடையாகவே இருந்து பதவி உயர்வு பெறலாம் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

இங்கே டிரவுட் ஓடைகளுக்கு மூன்று வகுப்பு. மீன்கள் தாமே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஓடை தாங்கும் அளவுக்குப் பெருகி நின்றால் முதல் வகுப்பு. அங்கே வெளியிலிருந்து மீன் கொண்டுவந்து விடமாட்டார்கள். முட்டையிடுகின்றன, ஆனால் போதவில்லை என்றால் இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு வசந்தத்திலும் அரசு லாரி வந்து பண்ணை மீனை இறக்கி, குறையை நிரப்பும். வாழும், ஆனால் இனம் பெருக்காது என்றால் மூன்றாம் வகுப்பு. லாரி வராத ஆண்டில் அங்கே மீனே இருக்காது.

படித்தவுடன் எனக்கு எங்கள் தமிழ்ச் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. இந்த அளவுகோலில் அது ஐயத்துக்கு இடமில்லாத மூன்றாம் வகுப்பு. சென்னை விமானத்தில் ஆண்டுதோறும் புது ஆட்கள் வந்து இறங்காவிட்டால், பொங்கல் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட ஒருவர் தேறமாட்டார். என் பேத்தி நிலா வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். "அப்புச்சி, அம்மிச்சி எப்படிப் பண்றாங்க?" என்று பாட்டியைப் பற்றிக் கேட்பாள். 'எப்படி இருக்காங்க' என்று கேட்க வேண்டும் எனத் திருத்துவேன். பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன். பாவாயி எதை எப்படிப் பண்ணுகிறாள் என்பதும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக ஆகிவிட்டிருந்தது.

எங்கள் ஓடை அப்போது இரண்டாம் வகுப்பு.

3

பாவாயிக்கு மறதி என்று முதலில் நாங்கள் சொல்லிக்கொண்டோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது யாருக்கும் நடப்பதுதான். அடுப்பு எதற்கு என்பதை அவள் மறந்த நாளில் கவிதா மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தேர்வு வைத்தார்கள். இன்று என்ன கிழமை, இது என்ன ஊர், பிரசிடெண்ட் யார். கவிதா கடைசிக் கேள்வியைத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இப்ப பிரசிடெண்டு யாரு?"

"ஏன், எங்க சித்தப்பாதான். அவர எதுத்து ஆரு நிப்பா?"

மருத்துவர் தவறு என்று குறித்துக்கொண்டார். அவள் சித்தப்பா ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில் அது சரியான விடை. மேல்முறையீடு செய்ய வழி இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் நினைவிலிருந்து ஆட்கள் போனார்கள். முதலில் பேத்தி, பிறகு மருமகன், பிறகு கவிதா. கடைசியாக நான். வேலையில் இருந்தபோது பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று விடிந்ததும் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அவர்களைப் பக்குவமாகத் திருப்பி அனுப்புவது பாவாயியின் பொறுப்பு. ஒருநாள் காலை காப்பியோடு அவள் அறைக்குள் போனேன். இளம்பிள்ளைத் தறிச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"ஐயா ஊட்டுல இல்லீங்க. சாயந்தரமா வாங்க சாமி."

"பாவாயி, நாந்தான்."

"ஆபீசுக்கே போயிப் பாருங்களேன். மனுவ இங்க வாங்கறதில்லீங்க."

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நான் மனுதாரன்தான். சாயந்தரம் போனால் காலையில் வரச் சொல்வாள்.

ஓடையைக் கண்டுபிடித்தது தற்செயல்தான். ஒரு முற்பகல் அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போனேன். ஓடை வளைகிற இடத்தில் தட்டையான ஒரு பாறை உண்டு. அதில் உட்காரவைத்தேன். கையில் இந்தியக் கடைப் பொரிப் பொட்டலம். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் வீசிவிட்டு, நாக்கை மடித்து, பிறந்த வீட்டில் கோழியைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

"ப்பா... ப்பா... ப்பா..."

மீன்கள் வந்தன. விலாவில் ரோசாநிறக் கோடு போட்ட மீன்கள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, எங்கள் காலடிக்கே வந்து வாயைத் திறந்தன. பாவாயி என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, பொரி பத்தாதுங்க இதுங்களுக்கு. நாளைக்கு மக்காச்சோளம் ஒடச்சு எடுத்துட்டு வாங்க."

ஏனுங்க என்று அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

மறுநாளும் அப்படித்தான் நடந்தது. அதற்கு அடுத்த நாளும். பாறையில் உட்கார்ந்து, மீன் வந்து, அவை பொரியைத் தின்று முடிக்கிற வரை அவள் என் மனைவி. அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாம் வரும். அவள் தங்கை கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது, எனக்கு ராசிபுரத்துக்கு மாற்றல் வந்தபோது வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராதது, எல்லாவற்றையும் பேசுவாள். "நீங்களும் உங்க ஆபீசும்" என்று ஏசுவாள். புல்தரை ஏறி வீட்டுக்குள் நுழைந்ததும் நான் மறுபடியும் வாசலில் நிற்கும் ஆள்.

அவளை நினைவு குன்றியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று கவிதா அப்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. பகல் முழுதும் வேலை, ராத்திரி அம்மாவுக்குக் காவல். நான் அவளை ஒருநாள் ஓடைக்கு அழைத்துப்போய், அம்மா பேசுவதைக் கேட்கவைத்தேன். கவிதா கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "சரிங்கப்பா. இப்படிப் பேசற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

மீன் வருவதில் எனக்கு வியப்பு ஒன்றும் இருக்கவில்லை. கோயில் குளத்திலும் பவானிக் கூடுதுறைப் படியிலும் மனிதர் நிழல் விழுந்தால் மீன் வரும். நல்ல தண்ணீர், நிறைய மீன், வருகின்றன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

4

பக்கத்து வீட்டு வால்டர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியாள், தூண்டில் பைத்தியம். ஒருநாள் ஒரு தாளோடு வந்தார். எங்கள் ஓடையில் சொந்தமாகப் பிறந்த மீன் நன்றாகப் பெருகிவிட்டது, அதை முதல் வகுப்புக்கு உயர்த்தக் கேட்டுத் துறைக்கு எழுதப்போகிறோம், கையெழுத்து வேண்டும் என்றார்.

நாமக்கல்காரனிடம் வந்து முதல் வகுப்பு வேண்டுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் பூட்டி, கோழி கூவும் முன் எழுப்பி, முதல் வகுப்பு, முதல் வகுப்பு என்று படிக்கவைத்த ஊர் எங்களுடையது. எதற்கு முதல் வகுப்பு என்று நாங்கள் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. வால்டரின் மனு அனுதாபக் கடிதம் போல் இருந்தது. உட்காரவைத்துத் திருத்தினேன். பத்திக்கு எண் கொடுத்தேன், விதியை மேற்கோள் காட்டினேன், கோரிக்கையைக் கடைசியில் தனியே நிறுத்தினேன். முதல் வகுப்பானால் லாரி வராது என்பதையும் நானே என் கையால் எழுதினேன். சொந்த மீன் போதுமான அளவு இருக்கும்போது லாரி மீன் எதற்கு?

கோடை முடிவில் துறையிலிருந்து அளவெடுக்க வந்தார்கள். இடுப்புவரை ரப்பர் உடை, முதுகில் மின்கலம், கையில் ஒரு கோல். கோலைத் தண்ணீரில் வைத்தால் மின்சாரம் பாய்ந்து மீன் மயங்கி மிதக்கும். வலையில் அள்ளி நீளம் அளந்து, எடை பார்த்து, தெளிந்ததும் விட்டுவிடுவார்கள். இந்த ஆண்டுக் குஞ்சு, போன ஆண்டுக் குட்டி, அதற்கும் மூத்தது என்று எல்லா வயதும் இருந்தால் அந்த ஓடையில் குடும்பம் நடக்கிறது என்று பொருள். பெரிய மீனாகவே இருந்தால், அது லாரி கொண்டுவந்த கூட்டம்.

பாவாயி பாறையிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள். நம் பக்கத்தில் கிணற்று மோட்டாரிலிருந்து கம்பி இழுத்து ஏரியில் மீன் பிடிக்கிற திருட்டு உண்டு அல்லவா, அதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க! கரண்டு வெக்கறானுங்க பாருங்க! நீங்க ஆபீசர்தான, கேக்கமாட்டீங்களா?"

"அவங்களும் ஆபீசருங்கதான் பாவாயி. கணக்கெடுக்கறாங்க."

"ஆபீசரே கரண்டு வெச்சா வெளங்குமா? ஈபீகாரங்களுக்குச் சொல்லியுடுங்க."

அவர்களில் இளையவளான ஒரு பெண் அதிகாரி, பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டாள். உங்கள் பணியைப் பாராட்டுகிறார் என்றேன்.

பனிக்காலத்தில் முடிவு வந்தது. பாலத்தருகே புதுப் பலகை நட்டார்கள். ஓடை முதல் வகுப்பு. வால்டர் ஆப்பிள் பணியாரம் செய்து எடுத்துவந்து, மனு எழுதியவருக்கு என்று என்னிடம் கொடுத்தார். சர்வீசில் இருந்த காலத்தில்கூட நான் எழுதிய குறிப்பு இவ்வளவு வேகமாக அமலானதில்லை.

5

அந்த வசந்தத்தில் லாரி வரவில்லை. பழைய மீன்கள் கொஞ்சநாள் இருந்தன. தூண்டில்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். கோடை தொடங்கியபோது பாவாயி கூப்பிட்டாள், ஒன்றும் வரவில்லை. தண்ணீரில் சாம்பல்நிறக் கோடுகள் நாலாபுறமும் சிதறிப் பாறை அடியில் மறைந்தன. பொரி மிதந்து போயிற்று.

"ப்பா... ப்பா..."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வால்டரிடம் ஓடையில் மீன் இல்லையே என்றேன். முன்னைவிட அதிகமாக இருக்கிறது என்றார். அப்படியானால் ஏன் வருவதில்லை? அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, நல்ல மீன் ஏன் உங்களிடம் வர வேண்டும் என்று கேட்டார். அது எனக்கு ஆங்கிலத்தில் புரிந்தது, மனதுக்குள் போகவில்லை.

அதைப் போகவைத்தவன் பாவாயியின் தம்பி குமரேசன். எருமப்பட்டியில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை அழைப்பான்.

"ஏனுங் மாமா, அக்கா பேசுச்சுங்களா?"

"இல்ல மாப்ளே. மீனு வந்தாத்தான பேசறா. இப்ப மீனே வர்றதில்ல. பக்கத்து ஊட்டுக்காரர் மீன் நெறைய இருக்குதுங்கறார்."

"நெழலப் பாத்தா ஓடுதுங்களா?"

"ஓடுது."

சிரித்தான். "போங்க மாமா. தாசில்தார் உத்தியோகம் பாத்து என்ன பிரயோசனம்? எங்க பண்ணையில நீங்க நின்னு பாத்ததில்லீங்களா? ஆள் சத்தம் கேட்டாப் போதும், மூணு வரிசையும் கூண்டுக்கு வெளிய கழுத்த நீட்டிக்கும். பாசமுங்களா அது? தீனி போடறவன் வந்துட்டான்னு. அதே நாட்டுக்கோழி, ஆளக் கண்டா வேப்பமரத்துல ஏறிக்கும். அக்காகிட்ட வந்ததெல்லாம் பண்ணை மீனுங்க மாமா. தொட்டியில தீனி வீசி வளத்தது. இப்ப இருக்கறது நாட்டு மீனு. அது எப்படி ஆளுகிட்ட வரும்?"

ஜன்னல் வழியாகக் கீழே ஓடையைப் பார்த்தேன்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"உங்கக்கா கூப்பிட்டுத்தான் வருதுன்னு நெனச்சுட்டு இருந்தேன் மாப்ளே."

குமரேசன் சிரிப்பை நிறுத்தினான். பின்னால் கோழிகளின் இரைச்சல் கேட்டது.

"அக்கா கூப்பிட்டுத்தான் வந்துதுங்க மாமா. அது கூப்ட்டா மரத்துல ஏறுன கோழியே எறங்கி வருமுங்க. எனக்குத் தெரியாதா?"

6

ஒரு மாதம் தேடியதில் அந்த விதி கிடைத்தது. முதல் வகுப்பு ஓடையானாலும் முதியோருக்காக ஓரிடத்தில் மீன் விடலாம். எங்கள் பாறை வளைவில் ஒரு வாளி பண்ணை மீன் விட்டால் போதும். மனு எழுதினேன். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் எனக்கு. கடைசி வரியாக, ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன் என்பதன் ஆங்கிலத்தைப் போட்டேன். அளவெடுக்க வந்த அதே பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, எந்தச் செயலைச் செய்யச் சொல்கிறீர்கள், அதன் விவரம் இணைக்கப்படவில்லையே என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகளாக ஆவன செய்யுமாறு எழுதியும் படித்தும் வந்தவன் நான். ஆவன என்றால் எது என்று ஒருவர் கேட்டது அன்றுதான்.

ஒரு வாளி மீன் என்றேன். அவள் தயங்கிவிட்டு, இந்த ஓடையை முதல் வகுப்பாக்கச் சொன்ன மனுவிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றாள்.

"இரண்டும் என் கையெழுத்துத்தான் அம்மா. மறுக்கவில்லை."

அடுத்த சிக்கல், விதி மீன்பிடிப்பவர்களுக்கானது. பாவாயி மீன் பிடிப்பதில்லை, தீனி போடுகிறாள். மீன்பிடி உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சரி, உரிமம் எடுப்போம். கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அம்மாவுக்குத் தன் பேரே தெரியல. அவங்களுக்கு லைசென்சுங்களா?"

"பேர் தெரியணும்னு விதியில இல்ல கண்ணு."

விண்ணப்பத்தில் உயரம், எடை, கண்ணின் நிறம் கேட்டிருந்தார்கள். கண்ணின் நிறத்தை நம் ஊர்ப் படிவம் எதுவும் கேட்டதில்லை. கறுப்பு என்று எழுதப்போனேன். பிறகு, சரிபார்க்காமல் எழுதும் வழக்கம் எனக்கு இல்லாததால், பாவாயியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, நாடியைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தேன். கறுப்பு இல்லை. வெளிச்சத்தில் காய்ச்சிய கருப்பட்டிப் பாகின் நிறம், ஓரத்தில் மங்கலாக ஒரு நீல வளையம். கல்யாணமான நாளிலிருந்து இதை நான் பார்த்ததில்லை.

"என்னங்க சார் அப்படிப் பாக்கறீங்க? கண்ணுல தூசி கீசி உழுந்துருச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. படிவத்துக்கு வேணும்" என்றேன். சார் என்று கூப்பிடுகிறவளை ஒருமையில் பேச நா எழவில்லை.

உரிமம் வந்தது. வால்டர் முள் இல்லாத தூண்டில் ஒன்றைக் கொடுத்தார். பெண் அதிகாரி இடத்தைப் பார்வையிட வந்தபோது பாவாயி பாறையில் தூண்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தான் மீன் பிடிப்பது பாட்டிக்குத் தெரியுமா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். இந்தக் கரையில் உட்காரும் பாதிப் பேருக்கு அது தெரியாது என்று வால்டர் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். தன்னால் பரிந்துரைக்க முடியும், முடிவு வட்டார அலுவலகத்துக்கும் அங்கிருந்து தலைமையகத்துக்கும் போய் வர வேண்டும் என்றாள். உரிய வழியில். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் ஒரே வேகம்தான்.

நான் நாள்தோறும் தபால் பெட்டியைப் பார்த்தேன். நினைவூட்டு அனுப்பினேன். மறு நினைவூட்டு அனுப்பினேன். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி வந்தது. அதை எத்தனை பேருக்கு நான் எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

7

இலை உதிரும் மாதத்தில் ஒருநாள், மீன் வராது என்று தெரிந்தே, பழக்கத்தில் அவளைக் கீழே கூட்டிப்போனேன். பாறையில் உட்கார்ந்தாள். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்தபடியே நிறுத்தினாள்.

வளைவில், ஆழமில்லாத கூழாங்கல் மேட்டில், ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கற்களை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அருகில் இன்னொரு மீன், வயிறு ஆரஞ்சு நிறத்தில், காவல் நின்றது. எங்கள் நிழல் அவற்றின் மேல் விழுந்தது. சற்றே விலகின, மறுபடி அதே இடத்துக்கு வந்தன. பொரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடையை முதல் வகுப்பாக்குவது இந்தக் குழிதான் என்று படித்திருந்தேன். பார்த்தது அன்றுதான்.

பாவாயி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கூப்படாதீங்க. அடைக்கு ஒக்காந்துருக்குது."

"செரி."

"அடைக்கு ஒக்காந்த கோழியக் கூப்படக் கூடாதுங்க. எந்திரிச்சுட்டா முட்டை கூமுட்டையாப் போயிரும். வாங்க, சத்தம் போடாம ஊட்டுக்குப் போலாம்."

முந்தானையால் பொரியை மூடிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, என்னை இழுத்துக்கொண்டு புல்தரை ஏறினாள். வாசல்வரை என் கையை விடவில்லை. என்னோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பிறகு ஓடைக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள். கவிதா இல்லத்தைப் பற்றி மறுபடியும் பேச்செடுத்தாள். விண்ணப்பம் வாங்கிவந்தாள். அதை நிரப்புவதற்குள் பனி கொட்டத் தொடங்கியது. தை முடிவதற்குள் நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில், கவிதாவும் நானும் இருபுறமும் உட்கார்ந்திருக்க, பாவாயி போய்விட்டாள். குமரேசனுக்கு விசா கிடைக்கவில்லை. தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் கோழிச் சத்தம் கேட்கக்கூடாது என்று பண்ணையைவிட்டுத் தள்ளி, ரோட்டுக்கு வந்து நின்றிருந்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

காரியங்கள் முடிந்தபின் சான்றிதழ்கள், வங்கி, காப்பீடு என்று ஒவ்வோர் அலுவலகத்துக்கும் முறைப்படி எழுதினேன். பெயரை நீக்கினார்கள். மீன்வளத் துறைக்கு மட்டும் எழுதவில்லை. மனுதாரர் இறந்தால் மனு அற்றுப்போகும் என்பதும், அதை உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோப்பு முடியாதவரை, எங்கோ ஒரு மேசையில், உயிரோடு இருப்பவர்களின் கோப்புகளுக்கு நடுவில் பாவாயியின் பெயரும் இருக்கும். உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, கண்கள் பழுப்பு. யாரோ ஒருவர் அவளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். பதில் வேண்டும் என்று நினைவூட்டு மேல் நினைவூட்டு எழுதியவன், பதிலே வரக்கூடாது என்று இருந்தேன். தபால்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பும்போது உள்ளே போய்விடுவேன். துறையின் தாமதத்தை நம்பியிருந்தேன். எந்த நாட்டிலும் அது கைவிட்டதில்லை.

கடிதம் அவள் பெயருக்கு வந்தது. பிறருக்கு வந்த தபாலைப் பிரிப்பது இங்கே குற்றம். பிரித்தேன். அன்புள்ள திருமதி பாவாயி, தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. குறிப்பிட்ட வளைவில் இந்தப் பருவத்திலிருந்து ஆண்டுதோறும் மீன் விடப்படும். முதல் முறை விடும்போது மனுதாரர் நேரில் இருக்க வேண்டும். தங்கள் மீன்பிடி உரிமம் மார்ச் மாதத்துடன் காலாவதியாகிவிட்டதால் அதைப் புதுப்பித்துக்கொண்டு வரவும். தாமதத்துக்கு வருந்துகிறோம். கீழே அந்தப் பெண் அதிகாரி பேனாவால் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: பாட்டியின் பாராட்டுக்கு நன்றி.

தேதியிடாத தபால் வராத தபாலுக்குச் சமம் என்று கீழ்நிலை எழுத்தர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு கடிதத்தின் மேல் மூலையில் எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். பெறப்பட்டது: ஏப்ரல் ஒன்பது.